முதியோர் இல்லத்தைப் பார்வையிடுவது எப்படி?

நம் பங்குகளில் பிறந்த நாள், திருமண வெள்ளி விழா, இறந்தோர் ஆண்டு நினைவு என எது வந்தாலும் முதியோர் இல்லத்துக்கு ஒரு வேளை சாப்பாடு கொடுப்பது நல்ல வழக்கமாக வேரூன்றியிருக்கிறது. தவக்காலத்திலும் கிறிஸ்து பிறப்பு நாட்களிலும் பக்த சபையினர் பழமும் சோப்பும் துண்டும் கொண்டு போகின்றனர். ஒரு மணி நேரம் பாடி, செபித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். நாம் வருவது முன்பே தெரியும் என்பதால் இல்லம் பெருக்கித் துடைக்கப்பட்டிருக்கும். பெரியவர்கள் சலவைத் துணி உடுத்தி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் போக, வாரத்தின் மற்ற 167 மணி நேரம் அவர்களுக்கு எப்படிக் கழிகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

தூத்துக்குடி கடற்கரையில் இந்தக் கேள்வி எல்லா வீட்டுக்கும் நெருங்கி வந்துவிட்டது. பிள்ளைகள் கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் பிழைக்கிறார்கள். சங்கு குளித்தவர்கள், தோணியில் போனவர்கள், வள்ளம் தள்ளியவர்கள், உப்பளத்தில் வாருபலகை பிடித்தவர்கள் ஊரில் தனியே முதுமை அடைகிறார்கள். பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது சில குடும்பங்களுக்குத் தவிர்க்க முடியாத முடிவு. சேர்த்தபின் கவனிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது யார் கடமை, எதைப் பார்ப்பது, குறை கண்டால் என்ன செய்வது என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதல் முறையீடு

எருசலேமின் தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதல் உட்பூசல் முதியோர் பராமரிப்பைப் பற்றியது என்றே சொல்லலாம். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முணுமுணுத்ததைத் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நல்ல காரியத்தில் குறை காணலாமா என்றும் கேட்கவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஏற்பாட்டையே மாற்றினார்கள். திருத்தொண்டர் பணியின் தொடக்கமாகத் திருச்சபை இந்த நிகழ்வைக் காண்கிறது. ஆகவே பராமரிப்பில் குறை சொல்வது திருச்சபைக்கு எதிரான செயல் என்று நினைக்கத் தேவையில்லை.

பின்னாளில் இது சட்டமாகவும் ஆயிற்று. 1311-1312இல் கூடிய வியேன் (Vienne) பொதுச்சங்கம், ஏழைகளுக்கான மருத்துவ இல்லங்களின் வருமானம் வேறு வழியில் போவதைக் கண்டித்து, பொறுப்பாளர்கள் சொத்துப் பட்டியல் எழுதி ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதித்தது. 1562இல் திரெந்து பொதுச்சங்கம், மருத்துவமனைகளையும் அறநிலையங்களையும் பார்வையிடும் உரிமை ஆயர்களுக்கு உண்டு என்று உறுதி செய்தது. அதே 16ஆம் நூற்றாண்டில்தான் நம் புன்னைக்காயலில் என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் ஒரு மருத்துவமனையை நிறுவினார். தமிழில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ (1578) நூலைத் தந்தவரும் அவரே. நோயாளரைப் பேணும் இல்லங்கள் முத்துக்குளித்துறைக்கு நேற்று வந்தவை அல்ல என்பதற்கு அது சான்று.

இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 397ஆம் எண், மறைமாவட்டத்திலுள்ள கத்தோலிக்க நிறுவனங்கள் ஆயரின் பார்வையிடலுக்கு உட்பட்டவை என்கிறது. துறவற சபையினரிடம் ஒப்படைக்கப்பட்ட அறப்பணிகளையும் ஆயர் பார்வையிடலாம் என்கிறது 683ஆம் எண். 2012 நவம்பர் 11 அன்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அறப்பணிகள் குறித்து வெளியிட்ட ஆணை மடலும், இந்நிறுவனங்களின் மீது ஆயருக்குள்ள கண்காணிப்புப் பொறுப்பை வலியுறுத்துகிறது.

அரசுச் சட்டம் சொல்வது

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் நிறைவேறியது. தமிழ்நாட்டு விதிகள் 2009இல் வெளிவந்தன. ஆதரவற்ற மூத்தோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது அமைய வழிசெய்கிறது 19ஆம் பிரிவு. பராமரிப்புத் தொகை கேட்கும் மனுக்களை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கிறது. நம் மாவட்டத்தில் தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டி என மூன்று கோட்டங்கள் உள்ளன. பராமரிக்க வேண்டியவரே முதியவரை எங்காவது கைவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 24ஆம் பிரிவு இடம் தருகிறது.

இல்லங்களைப் பொறுத்தவரை நாம் நினைவில் கொள்ள வேண்டிய அலுவலர்கள் மாவட்ட ஆட்சியரும் மாவட்ட சமூக நல அலுவலரும் ஆவர். மனநோயாளர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லமாக இருந்தால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அதற்குத் தனிப் பதிவும் வேண்டும். இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் நாடு முழுவதற்கும் சட்டமாக்க 2019 டிசம்பரில் மக்களவையில் திருத்த மசோதா ஒன்று அறிமுகமானது. அது நிறைவேறாமலேயே 2024இல் அந்த மக்களவையின் காலம் முடிந்துவிட்டது. எனவே காகிதத்தில் உள்ள தரத்தைக் கட்டிலருகில் கொண்டுவர, பார்க்கும் கண்கள் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றன.

மூன்று நிகழ்வுகள்

பார்க்கும் கண்கள் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு பலமுறை கண்டிருக்கிறது.

நம்முடைய மன்னார் வளைகுடாக் கரையிலேயே உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அதன் பிறகே அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றமும் தானாகவே இதைக் கையிலெடுத்தது. கட்டிவைக்கும் வழக்கம் ஒளிவுமறைவாக நடந்த ஒன்றல்ல. பகலில் அங்கே போய்வந்தவர்கள் பார்த்த சங்கிலிதான் அது. பார்த்தவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேசுவரத்தில், குருவானவர் ஒருவர் நடத்திவந்த கருணை இல்லத்தின் வாகனத்தில் இறந்தவர் உடலுடன் உயிருள்ள முதியோரும் ஏற்றிச் செல்லப்பட்டதைப் பொதுமக்கள் தடுத்து நிறுத்தினர். பல குற்றச்சாட்டுகள் எழுந்தன. அரசு அலுவலர்கள் ஆய்வு நடத்தினர். முதியோர் பலர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். இல்லத்தார் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். இதில் நமக்குள்ள பாடம் ஒன்று. பதிவுச் சான்று, இறப்புப் பதிவேடு, அடக்கம் செய்யும் முறை எல்லாம் எவரும் பார்க்கும்படி ஒழுங்காக இருந்தால் வதந்திக்கு இடமில்லை. முறையான ஆய்வு நல்ல இல்லத்துக்கும் பாதுகாப்பே.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்தில் அரசு அலுவலர்களும் காவல்துறையினரும் சோதனை நடத்தினர். உரிய அனுமதியின்றி அது நடந்தது தெரியவந்தது. 140க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மாற்றப்பட்டனர். வழக்கு சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போயிற்று. இவ்வளவும் வெளியே வந்தது ஓர் உறவினரால். தாம் சேர்த்துவிட்ட முதியவரைப் பார்க்க வந்தவரிடம், அவர் பெங்களூருவில் உள்ள இல்லத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அங்கும் அவர் இல்லை. உறவினர் விடவில்லை. காவல்துறை, பிறகு சென்னை உயர்நீதிமன்றம் என்று போனார். கேட்க ஆள் இருந்த ஒருவரால் கேட்க ஆளில்லாத அத்தனை பேருடைய நிலையும் வெளிச்சத்துக்கு வந்தது.

எதைப் பார்ப்பது?

இங்கிலாந்தில் 2009 முதல் இயங்கும் பராமரிப்புத் தர ஆணையம், எந்த இல்லத்துக்குப் போனாலும் ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுகிறது. இடம் பாதுகாப்பானதா? பராமரிப்பு பலன் தருகிறதா? பரிவு இருக்கிறதா? ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ப நடக்கிறார்களா? நிர்வாகம் சீராக உள்ளதா? இந்த ஐந்தையும் நம் ஊர் நிலைக்கு ஏற்ப விரித்துப் பார்க்கலாம்.

1. பாதுகாப்பு: குளியலறைத் தரை வழுக்குகிறதா, கழிப்பறையில் பிடித்து எழும்பக் கைப்பிடி உண்டா, இரவில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கதவுகள் வெளியே பூட்டப்படுகின்றனவா, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்பது மிக முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியதையும், தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியதையும் நாம் மறக்கவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்கள் தரைத்தளத்தில் இருந்தால், தண்ணீர் புகும்போது அவர்களை யார், எப்படி, எங்கே தூக்கிப் போவார்கள்? இந்தக் கேள்விக்கு இல்லத்தார் உடனே பதில் சொல்ல முடிய வேண்டும்.

2. பலன் தரும் பராமரிப்பு: இதற்கு உடலே சாட்சி. எழ முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியர்களின் பழைய விதி. தவறினால் முதுகின் அடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். சிவந்த தோலை விரலால் அழுத்தினால் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். உங்கள் உறவினரின் குதிகாலைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. மாதந்தோறும் எடை பார்த்து எழுதுகிறார்களா என்று கேளுங்கள். 50 கிலோ இருந்த ஆச்சி ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதுமையில் தாகம் எடுப்பது குறையும். ஆகவே கேட்டால் தருவோம் என்பது போதாது, தண்ணீரைக் கையில் கொடுக்க வேண்டும். படுக்கை நனையும் என்று மாலைக்குப் பின் தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தூத்துக்குடி வெயிலில் அது ஆபத்து. மாலை 6 மணிக்கு இரவுச் சாப்பாடு, காலை 8 மணிக்குக் காலை உணவு என்றால் இடையில் 14 மணி நேரம் வயிறு காலி. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். படுக்கும் முன் பாலோ பிஸ்கட்டோ உண்டா என்று விசாரியுங்கள். மருந்துகள் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக, கொடுத்த நேரம் குறித்து, கையொப்பத்துடன் இருக்க வேண்டும். பகலிலும் எல்லோரும் தூங்கிவழிந்தால் தூக்க மாத்திரை பற்றிக் கேட்பதில் தவறில்லை.

3. பரிவு: பணியாளர்கள் பெரியவர்களைப் பெயர் சொல்லி, முறை சொல்லி அழைக்கிறார்களா, அல்லது ‘மூன்றாம் கட்டில்’ என்கிறார்களா? குளிப்பாட்டும்போது மறைப்பு உண்டா? வெட்டாத நகம், கழுவாத பல்செட், துடைக்காத கண்ணாடி ஆகியவை சிறியவையாகத் தோன்றும். நேரமின்மையையோ அக்கறையின்மையையோ முதலில் காட்டிக்கொடுப்பவை அவைதாம். பணியாளர் முகத்தையும் பாருங்கள். இருபது பேருக்கு இரவு முழுவதும் ஒரே ஆயா என்றால், அவர் எவ்வளவு நல்லவராயினும் எல்லாரையும் கவனிக்க அவரால் முடியாது. அவருக்கு வார விடுப்பும் உரிய சம்பளமும் கிடைக்கின்றனவா என்று கேட்பதும் பார்வையிடலின் பகுதியே.

4. தேவைக்கேற்ற கவனிப்பு: தம் உடையைத் தாமே தேர்ந்தெடுக்க முடிகிறதா? கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு வாரத்தில் ஒருநாளாவது மீன் குழம்பு கிடைக்கிறதா? பேச விரும்பும்போது பிள்ளைகளோடு தொலைபேசியில் பேச முடிகிறதா? நம் இல்லங்களில் இந்துக்களும் இஸ்லாமியரும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வழியில் வேண்டிக்கொள்ள மதிப்போடு இடம் தரப்பட வேண்டும். செபமாலைக்கு வராதவருக்குத் தேநீர் தாமதமாகலாகாது.

5. நிர்வாகம்: பதிவுச் சான்று செல்லுபடியாகிறதா? சேர்க்கைப் பதிவேடு, மருத்துவர் வருகைப் பதிவேடு, இறப்புப் பதிவேடு ஒழுங்காக உள்ளனவா? அரசின் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, வங்கிப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் யாரிடம் உள்ளன என்று தெரிந்துகொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கைரேகை வாங்குவது எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கத்தக்கதல்ல. பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பக் கேட்க 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி தருகிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

எப்படிப் போவது?

பங்கு மக்களாகிய நமக்கு அரசு அலுவலருக்குரிய ஆய்வு அதிகாரம் கிடையாது. நம்மிடம் இருப்பது நட்பும் ஒழுங்கும்தான். வின்சென்ட் தே பவுல் சபையினர் 1833 முதல் ஏழைகளின் வீடுகளைச் சந்தித்து வருகின்றனர். இருவர் இருவராகப் போவதும், தொடர்ந்து போவதும் அவர்கள் வழக்கம். இல்லங்களுக்கும் அது பொருந்தும். ஒவ்வோர் அன்பியமும் இரண்டு முதியவர்களைப் பெயரோடு ஏற்று, மாதம் இருமுறையாவது சந்தித்தால், பேருந்து பிடித்துப் போகும் ஆண்டு விழாவைவிடப் பயன் அதிகம்.

ஞாயிறு மதியம் மட்டும் போகாமல் வார நாளில், சாப்பாட்டு நேரத்தில், மாலை மங்கும் வேளையில் போய்ப் பாருங்கள். இல்லப் பொறுப்பாளருடன் முன்பே பேசி, எந்த நாளிலும் வரலாம் என்ற இசைவைப் பெற்றுக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது ‘சாப்பாடு நல்லா இருக்கா ஆச்சி?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். தனியே உட்கார்ந்து, ‘நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? ராத்திரி எழும்பணும்னா யாரைக் கூப்பிடுவீங்க? கூப்பிட்டா எவ்வளவு நேரத்தில வருவாங்க?’ என்று கேளுங்கள். பேச முடியாதவரின் கையைப் பிடித்துச் சற்று நேரம் இருங்கள். படம் எடுப்பதைத் தவிருங்கள். நைந்த உடையில் படுத்திருப்பவரின் படம் செல்பேசிகளில் சுற்றுவது அவருக்கு இழைக்கும் அவமரியாதை.

குறை கண்டால்

கண்டதைத் தேதியுடன் எழுதிவையுங்கள். முதலில் இல்லப் பொறுப்பாளரிடம் தனியே சொல்லுங்கள். பெரும்பாலான குறைகள் ஆள் பற்றாக்குறையாலும் பணப் பற்றாக்குறையாலும் வருபவை. அவற்றில் பங்கு மக்கள் கைகொடுக்க முடியும். ஓர் இரவுப் பணியாளரின் சம்பளத்தைப் பங்கு ஏற்றுக்கொள்வது ஐம்பது சாப்பாட்டுக்கு மேலான உதவியாக இருக்கலாம்.

மாற்றம் இல்லையென்றால், கத்தோலிக்க இல்லமாயின் சபைத் தலைவியிடமோ ஆயர் இல்லத்திலோ எழுத்தில் தெரிவியுங்கள். எந்த இல்லமாயினும் மாவட்ட சமூக நல அலுவலரிடமும் ஆட்சியரிடமும் முறையிடலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச சட்ட உதவி தரும். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. அடி, பட்டினி, கட்டிவைத்தல், பாலியல் கொடுமை, ஆள் காணாமற்போதல் போன்றவற்றில் இந்தப் படிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். இல்லம் நம்முடையது என்பதால் மூடிவைப்பது முதியவருக்கும் தீங்கு, திருச்சபைக்கும் தீங்கு.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நாம் முறையிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். நம்மிடம் சொன்ன ஆச்சி அன்றிரவும் அங்கேதான் படுப்பார். எனவே யார் சொன்னது என்பதை வெளியிடாதீர்கள். முறையிட்ட பின் முன்னைவிட அடிக்கடி போய்ப் பாருங்கள். தொடர்ந்து வந்து கேட்கும் ஒருவர் இருக்கிறார் என்பதே அவருக்குப் பாதிப் பாதுகாப்பு.

சிந்தனைக்கு

கூடாரப் பணி முடிந்ததும் மோசே எல்லா வேலையையும் பார்வையிட்டார், ஆண்டவர் சொன்னபடியே செய்திருப்பதைக் கண்டு அவர்களுக்கு ஆசி வழங்கினார் என்கிறது விடுதலைப் பயணம் 39ஆம் அதிகாரம். பார்வையிடலின் நோக்கம் அங்கே தெளிவாகிறது. நன்றாகச் செய்தவர்களைப் பார்த்து, கண்டு, வாழ்த்தவும் பார்வையிடல் வேண்டும். இரவெல்லாம் விழித்துப் பெரியவர்களைப் புரட்டிப் போடும் அருட்சகோதரிகளும் ஆயாக்களும் நம் இல்லங்களில் உண்டு. அவர்கள் உழைப்பை ஒருவரும் பார்ப்பதில்லை என்பதும் ஒரு குறைதான்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் ஆண்டுதோறும் ஜூலை நான்காம் ஞாயிறு வருகிறது. இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கீன், அன்னா திருநாள் ஜூலை 26. அன்றுதான் தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் திருவிழாக் கொடி ஏறுகிறது. கொடியேற்றத்துக்கும் ஆகஸ்ட் 5 பெருவிழாவுக்கும் இடையே, நம் பங்கின் எல்லையில் உள்ள ஓர் இல்லத்துக்கு நாம் போகலாம். இம்முறை சாப்பாட்டுப் பொட்டலத்தோடு, கட்டிலில் இருப்பவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வருவோம். அடுத்த வாரம் அதே பெயரைச் சொல்லி அழைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்போம்.